பாடப் புத்தகத்துல பேர் இருக்கிற விஞ்ஞானிகள்ல அகதியா வாழ்ந்தவங்க யாரு?

சேரன்மாதேவி வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். நான் சேரன்மாதேவிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில பிசிக்ஸ் வாத்தியார். எங்க ஸ்கூலுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்ல இருந்தும் பிள்ளைங்க வருது. அதுல பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பிள்ளை, பிறந்தது வளந்தது எல்லாம் முகாம்லதான். அவங்கம்மா வந்தது கைக்குழந்தையா. போன வாரம் பாடம் முடிஞ்சு சந்தேகம் கேளுங்கன்னு சொன்னேன். இந்தப் பிள்ளை எந்திரிச்சு, "சார், இந்தப் புஸ்தகத்துல பேர் இருக்கிறவங்கள்ல யாராச்சும் அகதியா இருந்திருக்காங்களா?"ன்னு கேட்டுட்டா.

கிளாஸ் கப்சிப். நான் உடனே ஐன்ஸ்டீன்னு சொன்னேன். அதுக்கு அவ, "அவர உலகமே வாங்க வாங்கன்னு கூப்பிட்டுச்சு சார். அப்படி யாரும் கூப்பிடாம, போன இடத்துல வேலை தேடி, மத்தவங்களுக்கும் பாடம் சொல்லிக் குடுத்தவங்க இருக்காங்களா?"ன்னா. நல்லவேளை, பெல் அடிச்சுட்டாங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை அறிவியல் மன்றக் கூட்டம். எனக்கு இருபது நிமிஷம் உண்டு. அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிரலாம்னு பாக்கேன். எங்க ஹெச்.எம். மாக்ஸ் பார்ன்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி பெங்களூர்ல கொஞ்ச நாள் இருந்ததா எங்கயோ படிச்சேன்னாரு. நெசமா? கூகுள்ல தேடுனா நோபல் பரிசு, பிறந்த தேதி, பாடகி பேத்தி, இதுதான் வருது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தென்காசி கெமிஸ்ட்ரி டீச்சர்

சார், அவர் பேரு உங்க பாடத்துக்கு முன்னாடியே எங்க பாடத்துல வந்துருது. பிளஸ் ஒன் வெப்ப இயக்கவியல்ல பார்ன்-ஹேபர் சுழற்சி. சோடியம் குளோரைடுக்குப் படிகக்கூடு ஆற்றல், அதாவது படிகத்த அயனி அயனியாப் பிரிக்க ஆகுத ஆற்றல், கணக்குப் போடுவோம்லா, அந்த பார்ன்தான். பத்தொன்பது வருஷமா போர்டுல அந்தக் கட்டத்தப் போடுதேன், அவரு எந்த ஊர்க்காரர்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. கூட இருக்கிற ஹேபரும் யூதர்தானே? அவருக்கு என்ன ஆச்சு?

பாளை பென்ஷனர்

தம்பி, உம்ம ஹெச்.எம். சொன்னது நெசம். 1935 கடைசியில இருந்து ஒரு ஆறு மாசம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல இருந்தாரு. கூப்பிட்டது நம்ம சர் சி.வி. ராமன். ஆனா அந்த ஆறு மாசத்துலருந்து ஆரம்பிச்சா பிள்ளைங்களுக்குப் புரியாது. கொஞ்சம் பின்னால போயிட்டு வாரேன், பொறுத்துக்கிடும். முப்பத்தி நாலு வருஷம் காலேஜ்ல வாத்தியாரா இருந்தவனுக்குச் சுருக்கிச் சொல்ல வராது.

நான் இந்தக் கதைய முதல்ல கேட்டது பாளையில எம்.எஸ்ஸி. படிக்கும்போது, 1973-ல. குவாண்டம் மெக்கானிக்ஸ் எடுத்த சாரு பார்ன் தோராயம்ங்கிற கணக்கு முறையப் போர்டு முழுக்கப் போட்டு முடிச்சாரு. சாக்பீஸ கீழ வச்சுட்டு, "இந்த மனுஷன் நம்ம பெங்களூர்ல ஒரு சாயங்காலம் அழுதிருக்காருடே" அப்படின்னுட்டுப் போயிட்டாரு. ஏன் அழுதாருன்னு சொல்லல. அவரு அப்படித்தான், பாதிய சொல்லி விட்டுட்டுப் போயிருவாரு, மீதிய நாமதான் தேடணும். எனக்கு மீதி கிடைக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸுக்குப் பெங்களூர் போனப்ப, அங்க லைப்ரரியில பார்ன் எழுதுன சுயசரிதை இருந்துச்சு. கூட வந்தவனுவ லால்பாக், கப்பன் பார்க்னு கிளம்பிட்டானுவ. நான் மூணு சாயங்காலம் அந்தப் புஸ்தகத்தோட உக்காந்திருந்தேன்.

பார்ன் பிறந்தது 1882-ல, பிரெஸ்லாவுங்கற ஊர்ல. அன்னைக்கு ஜெர்மனி, இன்னைக்கு அது போலந்து. நாலு வயசுல தாயார் போயிட்டா. சின்னதுல இருந்தே ஆஸ்துமா. 1921-ல கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். சேரும்போதே ஒரு நிபந்தனை போட்டாரு: எனக்கு மட்டும் வேலை குடுத்தா போதாது, பரிசோதனை செய்ய ஜேம்ஸ் ஃப்ராங்கையும் எடுக்கணும்னு. நம்ம ஊர்ல தனக்கு வேலை கிடைச்சா போதும்னு அடுத்தவன் அப்ளிகேஷன அமுக்குதவனத்தான நாம பாத்திருக்கோம்.

அவருகிட்ட உதவியாளரா, மாணவரா இருந்தவங்க பேரச் சொன்னா உம்ம பாடப் புத்தகத்துப் பொருளடக்கம் மாதிரி இருக்கும். பவுலி, ஹைசன்பர்க், யோர்டான், டெல்ப்ரூக், மரியா கோப்பர்ட், வைஸ்கோப், விக்னர். ஓப்பன்ஹைமர் அவர்கிட்டதான் 1927-ல டாக்டர் பட்டம் வாங்கினாரு. இந்த ஓப்பன்ஹைமர் வகுப்புல யாரயும் பேச விடமாட்டாராம். ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்கும்போதே எந்திரிச்சுப் போயி சாக்பீஸப் பிடுங்கி, "இத இன்னும் நல்லாப் பண்ணலாம்"னு எழுத ஆரம்பிச்சிருவாரு. மத்த பிள்ளைங்க சேந்து, இவர அடக்கலைன்னா நாங்க வகுப்புக்கு வரமாட்டோம்னு பார்ன்கிட்ட ஒரு மனு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்கு முன்னால நின்னது மரியா கோப்பர்ட். பார்னுக்கோ ஓப்பன்ஹைமர நேரா கூப்பிட்டுச் சொல்லச் சங்கடம். அதனால அவரு வந்தப்ப அந்த மனுவ மேசை மேல கண்ணுல படுத மாதிரி வச்சுட்டு, ஏதோ சோலி இருக்குத மாதிரி வெளிய போயிட்டாரு. திரும்பி வந்து பாத்தா பையன் முகம் வெளுத்துப் போயி நிக்கான். அதுக்கப்புறம் வகுப்புல குறுக்கப் பேசவே இல்லையாம். நானும் என் சர்வீஸ்ல இந்த வித்தைய ரெண்டு தடவை செஞ்சு பாத்தேன். ஒரு தடவைதான் பலிச்சுது. இன்னொருத்தன் மனுவ எடுத்துப் பையில வச்சுட்டுப் போயிட்டான்.

1925-ல ஹைசன்பர்க் ஒரு கட்டுரைய எழுதி, இது சரியா வருமான்னு தெரியலன்னு பார்ன் கையில குடுத்துட்டு லீவுல போயிட்டாரு. வயசு 23. அதுல ஒரு விநோதமான பெருக்கல் இருந்துச்சு: அ-வ ஆ-வால பெருக்குனா ஒரு விடை, ஆ-வ அ-வால பெருக்குனா வேற விடை. எழுதுன ஹைசன்பர்க்குக்கே அது என்னன்னு தெரியாது. பார்ன் நாள் கணக்கா அதையே வச்சு மண்டைய உடைச்சாரு. பிறகு சட்டுனு பொறி தட்டுச்சு, இது நாம பிரெஸ்லாவுல காலேஜ்ல படிச்ச அணிப் பெருக்கல்லா! நம்ம பிளஸ் டூ கணக்குப் புஸ்தகத்துல முதல் பாடமே அந்த அணிகள்தான். மறு வருஷம், எலக்ட்ரான் இன்ன இடத்துல இருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இருக்கிறதுக்கு இவ்வளவு வாய்ப்புன்னுதான் சொல்ல முடியும்னு எழுதினாரு. அதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அலை வீச்சோட இருமடியத்தான் எடுக்கணும்ங்கிற முக்கியமான சங்கதி கட்டுரையில இல்ல, ப்ரூஃப் திருத்தும்போது சேத்த அடிக்குறிப்புல இருக்கு. அடிக்குறிப்புதானன்னு தாண்டிப் போற பிள்ளைங்ககிட்ட இதச் சொல்லும்.

இனி 1933. ஏப்ரல் 7-ல சட்டம் வந்துச்சு, யூதர் யாரும் அரசாங்க வேலையில இருக்கக் கூடாதுன்னு. பார்ன் எப்பவோ ஞானஸ்நானம் வாங்கியாச்சு. ஆனா அவங்க பாக்கிறது ரத்தத்த. ஏப்ரல் 25-ம் தேதிப் பேப்பர விரிச்சா, விலக்கி வச்சவங்க பட்டியல்ல இவர் பேரு. ஆர்டர் இல்ல, கடுதாசி இல்ல, பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாரு. பன்னிரண்டு வருஷமா பாத்துப் பாத்துக் கட்டுன வீடு மாதிரி இருந்த டிபார்ட்மென்ட். மே மாசம் பெண்டாட்டி பிள்ளைகளோட இத்தாலியப் பக்கம் ஒரு மலையூருக்குப் போயிட்டாரு. அப்ப வயசு அம்பது. தம்பி, அந்தப் பிள்ளை கேட்டது இததான? ஐன்ஸ்டீன் மாதிரி இல்ல. கேம்பிரிட்ஜ்ல ஒரு இடம் கிடைச்சுது, அதுவும் தற்காலிகம்தான்.

அப்பதான் ராமன் பெங்களூருக்குக் கூப்பிட்டாரு. வந்தாரு, பாடம் எடுத்தாரு, நாகேந்திர நாத்ங்கிற நம்மாளோட சேந்து கட்டுரை எழுதினாரு. ராமனுக்கு இவர இங்கயே நிரந்தரமா வச்சுக்கிடணும்னு ஆசை. பேராசிரியர்கள் கூட்டத்துல அதப் பேச்சுக்கு எடுத்தாரு. அங்க புதுசா இங்கிலாந்துல இருந்து வந்திருந்த ஒரு மின்பொறியியல் பேராசிரியர் எந்திரிச்சு, சொந்த நாட்டுல இருந்து துரத்திவிட்ட இரண்டாந்தர ஆளு நமக்கு எதுக்குங்கிற மாதிரி பேசிட்டாரு. பார்ன் அதே கூட்டத்துல உக்காந்திருக்காரு. அதுலயும் பாரும், அந்த இங்கிலீஷ்காரர் குடும்பம் வந்து இறங்குனப்ப பார்ன் வீட்டுக்காரங்க ஒத்தாசையா இருந்திருக்காங்க. வீட்டுக்குப் போயி சம்சாரத்துகிட்டச் சொல்லி அழுதிருக்காரு. இத ஒளிக்காம அவரே எழுதி வச்சிருக்காரு. எங்க சாரு விட்டுட்டுப் போன மீதி அதுதான்.

மூணாவது நாள் சாயங்காலம் புஸ்தகத்த மூடி வச்சுட்டு வெளிய வந்தா, அந்தப் பெரிய கல் கட்டடம் முன்னால நிக்கி. எந்த ரூம்ல அந்தக் கூட்டம் நடந்திருக்கும்னு ஜன்னலா எண்ணிக்கிட்டு நின்னேன். வாட்ச்மேன் வந்து யாரத் தேடுதீங்கன்னு கேட்டாரு. என்னத்தச் சொல்ல?

அடுத்த வருஷத்துல ராமனே அந்தக் கழகத்து இயக்குநர் பதவிய விட வேண்டியதாப் போச்சு, அது தனிக் கதை. பார்ன் திரும்பிப் போயி வேலை இல்லாம இருந்தாரு. மாஸ்கோவுக்கு வாரும்னு ரஷ்ய விஞ்ஞானி கபிட்சா கூப்பிட்டாரு, அதுக்கும் கிட்டத்தட்டத் தயாராயிட்டாரு. அந்த நேரத்துல 1936-ல எடின்பரோவுல இடம் காலியாகிக் கிடைச்சுது. அங்க பதினேழு வருஷம், ரிட்டயர் ஆகுத வரைக்கும். அங்கயும் ஊர் ஊரா பிள்ளைங்க வந்தாங்க. சீனாவுல இருந்து வந்த ஹுவாங் குன்னோட சேந்து எழுதுன படிகம் பத்துன புஸ்தகத்த இன்னைக்கும் ஆராய்ச்சிக்காரன் தேடி எடுக்கான்.

டீச்சரம்மா, ஹேபர் கதை வேற மாதிரி. சட்டம் வந்தப்ப, முதல் உலகப் போருக்கு உழைச்சவருன்னு அவருக்குச் சலுகை உண்டு. தன்கிட்ட வேலை பாக்கிற யூதர்கள வெளிய அனுப்பச் சொன்னதும், நானும் போறேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. கேம்பிரிட்ஜுக்கு வந்து கொஞ்ச மாசம் இருந்தாரு. 1934 ஜனவரியில சுவிட்சர்லாந்துல பாசல்ங்கிற ஊர்ல மாரடைப்பு, போயிட்டாரு. ஆனா போர்ல விஷவாயுவக் கொண்டு வந்தது அவருதான். பார்ன் அந்தச் சோலியில சேரமாட்டேன்னவரு. நீங்க போர்டுல போடுத அந்தக் கட்டத்துல இருக்க ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல ஊர விட்டு வந்தவங்க. ஆனா ரெண்டு பேரும் ஒண்ணு இல்ல.

நாங்குநேரி ராசா

அய்யா கோவிச்சுக்கக் கூடாது. நோபல் வாங்குனவரு, கேம்பிரிட்ஜ் போனவரு, இவரு எப்படிய்யா முகாம் பிள்ளைக்கு ஒப்பு? தகர ஷெட்டுல இருந்து வார பிள்ளைகிட்டப் போயி, பார் இவரும் அகதின்னு சொன்னா அது சிரிக்கும். எங்க தாத்தா 1942-ல ரங்கூன்ல குண்டு விழுந்தப்ப நடந்தே வந்தவரு. காடு மலை தாண்டி வரையில கூட வந்தவங்கள்ல பாதி பேரு வழியிலயே போயிட்டாங்கன்னு சொல்லுவாரு. ஊருக்கு வந்து முப்பது வருஷம் திண்ணையில உக்காந்து தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கும் பர்மா மனக்கணக்கும் சொல்லிக் குடுத்தாரு. அவர் பேரு எந்தப் புஸ்தகத்துல இருக்கு?

பாளை பென்ஷனர்

கோவம் என்ன வே இதுல. நீரு சொல்றது ஞாயம்தான். ஒப்பு இல்லன்னே வச்சுக்கிடுவோம். ஆனா அந்தப் பிள்ளை கேட்டது, புஸ்தகத்துல பேர் இருக்கிறவங்கள்ல யாருன்னு. அதுக்கு நான் புஸ்தகத்துல இருந்துதான சொல்ல முடியும்.

நோபல் பத்திச் சொன்னீரு. பெங்களூர்ல அவர இரண்டாந்தரம்னு சொன்னப்ப அவர் கையில நோபல் இல்ல. அணிக் கணக்க மூணு பேரு சேந்து செஞ்சாங்க, பரிசு வந்தது ஹைசன்பர்க் ஒருத்தருக்கு. 1933 நவம்பர்ல, பார்ன் ஊர விட்டு ஓடிவந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்துச்சு. ஹைசன்பர்க் மனசு உறுத்தி, நாம சேந்து செஞ்சதுக்கு நான் மட்டும் வாங்குதேன்னு அவருக்குக் கடுதாசி போட்டாரு. பார்னுக்குக் கிடைச்சது 1954-ல, வேலையில இருந்து ரிட்டயர் ஆன பிறகு. டிசம்பர் 10-ல மேடையில வாங்குனாரு, மறுநாள் 72-வது பிறந்தநாள். அந்த அடிக்குறிப்பு எழுதி 28 வருஷம் கழிச்சு.

உங்க தாத்தா கதைய நீரு எழுதும். அந்த மனக்கணக்கு என்ன கணக்குன்னு எனக்குத் தெரியணும். நெல்லுக்கா, மரத்துக்கா?

நாங்குநேரி ராசா

கூடை கூடையா அளக்கிற கணக்கு. நெல்லுக்குத்தான் அய்யா. எனக்கே முழுசா வராது. அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்.

வத்ராப் காரன்

பெங்களூர், ராமன்னு பேச்சு வந்ததால ஒரு ஊர்ப் பெருமை. ராமனோட 1928-ல சேந்து வேலை பாத்த கே.எஸ். கிருஷ்ணன் எங்க வத்திராயிருப்புல 1898-ல பிறந்தவரு. அன்னைக்கு அது திருநெல்வேலி ஜில்லா. இப்ப விருதுநகர்னு சொன்னாலும் எங்க வீட்டுப் பழைய பத்திரத்துல திருநெல்வேலின்னுதான் இருக்கு. அவரையும் அந்த மன்றக் கூட்டத்துல ஒரு வரி சொல்லிருங்க சார்.

ஒரு கேள்வியும் உண்டு. அணுகுண்டு ரகசியத்த ரஷ்யாவுக்குக் குடுத்த ஃபுக்ஸ் இந்த பார்னோட ஆள்தானே? நல்ல குருன்னா சிஷ்யன் ஏன் அப்படிப் போனான்?

பாளை பென்ஷனர்

ஆமா, கிளாஸ் ஃபுக்ஸ். அவனும் 1933-ல ஜெர்மனிய விட்டு ஓடிவந்தவன், கம்யூனிஸ்ட். 1937-ல எடின்பரோவுக்கு பார்ன்கிட்ட வந்தான். 1940-ல போர் முத்துனதும் இங்கிலாந்துக்காரன், ஜெர்மனியில இருந்து வந்தவங்கள ஆயிரக்கணக்குல எதிரி நாட்டுக்காரன்னு பிடிச்சு முகாம்ல போட்டான். ஹிட்லருக்குப் பயந்து வந்தவனையும் சேத்துத்தான். ஃபுக்ஸக் கப்பல்ல கனடா வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. இவன வெளிய எடுக்க பார்ன் கடுதாசி மேல கடுதாசி எழுதினாரு. வெளிய வந்தவன் 1941-ல குண்டு வேலைக்குப் போனான், 1950-ல மாட்டினான், 14 வருஷம் தண்டனை.

பார்ன் அந்தப் பழைய எதிரி நாட்டுக்காரன் லிஸ்ட்ல இருந்து தப்பிச்சது நூல் இழைதான். அவருக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைச்சது 1939 ஆகஸ்ட் 31. மறுநாள் ஹிட்லர் போலந்துக்குள்ள நுழைஞ்சான்.

குண்டு வேலைக்கு பார்ன் போகல. 1955-ல ரஸ்ஸலும் ஐன்ஸ்டீனும் அணு ஆயுதத்துக்கு எதிரா விட்ட அறிக்கையில கையெழுத்துப் போட்ட பதினோரு பேர்ல அவரும் ஒருத்தர். ஆனா அவர்கிட்டப் படிச்சவங்க எத்தனை பேரு குண்டு செஞ்சாங்கன்னு எண்ணிப் பாத்தா விரல் போதாது. அது அவருக்கு வயசான காலத்துல பெரிய வேதனை. வாத்தியார் கணக்குத்தான் சொல்லிக் குடுக்கலாம் வே. அத வச்சு எந்தக் கடையில போயி எத வாங்குதான்னு யாருக்குத் தெரியும். நான் சொல்லிக் குடுத்தவன் ஒருத்தன் இன்னைக்கு வட்டிக்கடை வச்சிருக்கான். கூட்டு வட்டி அவனுக்கு நல்லா வந்துச்சு.

சேரன்மாதேவி வாத்தியார்

நேத்து கூட்டம் முடிஞ்சுது. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. இருபது நிமிஷம் நாப்பது நிமிஷமாப் போச்சு, தலைமையாசிரியர் ரெண்டு தடவை வாட்ச்சப் பாத்தாரு. நான் பெங்களூர்ல இருந்தே ஆரம்பிச்சேன் அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. முதல்ல அந்தக் கூட்டம், அந்தப் பேச்சு, அப்புறம்தான் பிரெஸ்லாவு. ஓப்பன்ஹைமர் மனு கதைக்கு நல்ல சிரிப்பு. நாங்குநேரி அண்ணன் தாத்தாவையும் பேர் சொல்லாம ஒரு வார்த்தை சொன்னேன். கிருஷ்ணன் பேரையும் விடல.

அந்தப் பிள்ளை கூட்டத்துல ஒண்ணும் பேசல. முடிஞ்சு பெஞ்ச அடுக்கும்போது வந்தா. "சார், அவருக்கு அம்பது வயசு வரைக்கும் ஜெர்மன்தான? பிறகு எப்படி இங்கிலீஷ்ல பாடம் எடுத்தாரு? பிள்ளைங்க சிரிக்கலையா?"ன்னு கேட்டா. அவ இங்க ஆறாப்பு சேந்தப்ப, அவ பேசுத தமிழக் கேட்டு கிளாஸே சிரிச்சிருக்கு. அது எனக்கு நேத்துதான் தெரியும். அண்ணாச்சி, இதுக்கு என்ன சொல்லட்டும்?

பாளை பென்ஷனர்

சின்ன வயசுலயே ஒரு தடவை கேம்பிரிட்ஜ் போயி படிச்சவருதான், இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். ஆனா அவரோட அணு இயற்பியல் புஸ்தகமே ஜெர்மன்ல எழுதி இன்னொருத்தர் இங்கிலீஷாக்குனதுதான். 1935-ல வந்துச்சு, அவர் உயிரோட இருக்கும்போதே பதிப்பு மேல பதிப்பா போட்டாங்க. பிள்ளைங்க சிரிச்சாங்களான்னு அவரு எழுதல. சிரிச்சிருப்பானுவ.

அந்தப் புஸ்தகம் எங்கிட்ட ஒண்ணு இருக்கு. திருவனந்தபுரத்துல பழைய புஸ்தகக் கடையில வாங்குனது. பிளஸ் ஒன்னுக்கு முக்கால்வாசி புரியாது, ஆனா முதல் அத்தியாயம் புரியும். வாயுக்களோட இயக்கக் கொள்கை, எப்படியும் உம்ம பாடத்துல வருததுதான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல பிள்ளையையும் அவங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு வாரும். அதுக்கு முன்னால வராதீரு, தூங்குவேன். மார்க்கெட் பஸ் ஸ்டாப்ல இறங்கி ஒரு போன் போடும், ஆளனுப்புதேன். வரும்போது ரெண்டு பிரவுன் ஷீட்டும் ஒரு பசை டப்பாவும் வாங்கிட்டு வாரும், பைண்டிங் விட்டுப்போயி தாள் தனித்தனியா வருது.